மடற்குழுவின் நான்கு வரிகளும் முறியும் கையொப்பமும்

முத்தியால்பேட்டை உறுப்பினர்:
மழைநீர் வடிகால் பற்றி நான் நம் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதிய கடிதம் பலருக்குப் போய்ச் சேரவில்லை. நம் மென்பொருள் தலைப்பில் குழுவின் பெயரை ஒட்டுகிறது. அடியில் விலகும் வழியை நான்கு வரிகளில் சேர்க்கிறது. கடிதம் வழியில் மாறவில்லை என்று காட்ட என் சர்வர் இட்ட டிகிம் கையொப்பம் அத்துடன் முறிந்துவிடுகிறது. பதிவான பத்திரத்தில் ஒரு வரியை நுழைத்துவிட்டுப் பழைய கையெழுத்தைக் காட்டினால் யார் ஏற்பார்கள்? இரண்டையும் நிறுத்துங்கள்.

குழு நிர்வாகி, கடலூர்:
ஐயா, அந்த வரிகள் இல்லாவிட்டால் "என்னை நீக்குங்கள்" என்று ஊருக்கே எழுதுவார்கள். அந்தப் பாடு பட்டவன் நான். அனுப்புநர் இடத்தில் குழுவின் முகவரியை வைத்துவிடலாம். 2014 ஏப்ரலில் யாகூ தன் டீமார்க் கொள்கையை, அதாவது சரிபார்ப்பில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று பெறும் சர்வர்களுக்குச் சொல்லும் விதியை, 'நிராகரி' என்று மாற்றியபோது மடற்குழுக்கள் உலகெங்கும் தடுமாறின. அப்படிப்பட்ட டொமைன்களுக்கு மட்டும் முகவரியை மாற்றும் வசதி மெயில்மேன் என்ற மடற்குழு மென்பொருளின் 2.1.18ஆம் பதிப்பில் வந்தது.

லாஸ்பேட்டை மாணவி:
அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனை போதாதா அண்ணா?

குழு நிர்வாகி, கடலூர்:
போதாதம்மா. அது பார்ப்பது உறைமேல் உள்ள முகவரியை, அதாவது கடிதம் திரும்பினால் போய்ச் சேரும் முகவரியை. அது குழுவுடையது என்பதால் தேறிவிடும். ஆனால், அனுப்புநராகத் தெரியும் டொமைனும் அதுவும் பொருந்துகின்றனவா என்று டீமார்க் பார்க்கிறது. அங்கேதான் அடிபடுகிறது.

முத்தியால்பேட்டை உறுப்பினர்:
எழுதியவர் முகவரியை மறைப்பது எனக்கு ஒப்பவில்லை. விலகும் வழியைக் கடிதத்தின் மேற்குறிப்பிலேயே வைக்க 1998இலேயே ஆர்எஃப்சி 2369 என்ற இணைய நெறி ஆவணம் வந்துவிட்டது. பல செயலிகள் அதைப் பொத்தானாகவே காட்டுகின்றன. இன்னொன்று: நிராகரித்துத் திரும்பும் கடிதங்களை மென்பொருள் பெறுநரின் கணக்கில் எண்ணுகிறது. கடலூர் முதுநகரில் இருக்கும் என் அக்காவுக்குக் குழு அஞ்சலே நின்றுபோனது அப்படித்தான். அவர் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை!

லாஸ்பேட்டை மாணவி:
கையொப்பம் கடித உடலின் முதல் எத்தனை பைட்டுகளுக்குப் பொருந்தும் என்று குறிக்கலாமாமே? அடியில் சேர்ப்பது அப்போது முறிக்காதல்லவா?

முத்தியால்பேட்டை உறுப்பினர்:
அந்த அளவுக்குப் பின்னால் யாரும் எதையும் உங்கள் பெயரில் ஒட்டலாம். வேண்டவே வேண்டாம். தலைப்பு மாறுவதையும் அது காக்காது.

குழு நிர்வாகி, கடலூர்:
2019இல் வந்த ஏஆர்சி முறையில், கடிதம் வந்தபோது கையொப்பம் செல்லுபடியானது என்று குழுவே சான்று இடலாம். பெறும் சர்வர் நம்மை நம்பினால்தான் அதற்கு மதிப்பு. சரி, தலைப்பு ஒட்டை இன்றே எடுக்கிறேன். அடிவரிகளுக்கு மற்றவர்களைக் கேட்க வேண்டும்.

லாஸ்பேட்டை மாணவி:
ஒன்றை மட்டும் எடுத்தால் பயனில்லையே அண்ணா. உடலில் ஓர் எழுத்து கூடினாலும் கையொப்பம் போய்விடும். இன்றே கேளுங்கள்; என் வாக்கு எடுத்துவிடுவதற்கே.