வடமோடிப் பாட்டுக்கு கிக் போட்டால் ஆட்டம் போய்விடுகிறது, என்ன செய்யலாம்?

வாவிக்கரை (மட்டக்களப்பு):
எங்கள் ஊர்க் களரியில் (கூத்து ஆடுகிற வட்ட இடம்) பதிவு செய்த வடமோடிக் கூத்தின் வரவுப் பாட்டு (பாத்திரம் களரிக்கு வரும்போது பாடுகிறது) ஒன்றை வைத்து டான்ஸ் ட்ரக் செய்கிறேன். ஏபிள்டன் லைவ் மென்பொருள், 124 பி.பி.எம். (நிமிடத்துக்கு 124 அடி), நாலு அடிக்கும் கிக் (டிரம்மின் கனத்த அடி). வார்ப் (பதிவை நீட்டிச் சுருக்கித் தாளத்துக்குப் பொருத்துகிற வசதி) போட்டு மத்தளத்தை நேராக்கினால் கிக்கோடு அச்சொட்டாகப் பொருந்துகிறது, ஆனால் ஆட வருகுதில்லை. பிற்பாட்டுக் குரலும் தகரம் மாதிரி ஆகிவிடுகிறது. வார்ப்பை எடுத்தால் கிக் ஒரு பக்கம், மத்தளம் ஒரு பக்கம். கண்ணகியம்மன் கோயில் வைகாசிச் சடங்கில் எடுத்த குளிர்த்திப் பாட்டும் கையில் இருக்கிறது, அதையும் சேர்க்க ஆசை. தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

மத்தளச்சத்தம் (களுவாஞ்சிக்குடி):
தம்பி, முதலில் அந்த 124ஐ விடுங்கள். வரவு ஆட்டத்தில் வேகம் ஏறிக்கொண்டே போகும். அண்ணாவியார் (கூத்தைப் பழக்கி மத்தளம் அடிக்கிறவர்) ஆட்டக்காரரின் காலைப் பார்த்துத்தான் அடிப்பார். ஆள் களைத்தால் கொஞ்சம் பொறுப்பார், சூடு ஏறினால் தள்ளுவார், சல்லாரி (கைத்தாளம்) அவரோடு போகும். அந்த ஏற்றத்தை நீங்கள் அழித்துவிட்டீர்கள், அதுதான் ஆட வருகுதில்லை.

மறுபக்கமாகச் செய்து பாருங்கள். ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் மட்டும் வார்ப் மார்க்கர் (அடி விழுகிற இடத்தைக் காட்டுகிற குறி) வையுங்கள், இடையில் ஒன்றும் வேண்டாம். பிறகு அரேஞ்ச்மென்டில் (பாட்டை வரிசையாக அடுக்குகிற பக்கம்) அந்த க்ளிப்பை லீடர் ஆக்குங்கள் (பழைய வெர்ஷனில் மாஸ்டர் என்று இருக்கும்). இனி ட்ரக்கின் டெம்போ அண்ணாவியாரின் கையைப் பார்த்து ஓடும், கிக்கும் பேஸும் அவர் பின்னால் வரும். பதிவு தன் சொந்த வேகத்திலேயே ஓடுவதால் குரலும் கெடாது. 96இல் தொடங்கி 118இல் முடிந்தால் முடியட்டும். சனம் அந்த ஏற்றத்துக்குத்தான் எழும்பி ஆடும்.

இன்னொன்று, மத்தளத்தின் கனத்த பக்கமும் கிக்கும் ஒரே இடத்தில், 100 ஹேர்ட்ஸை ஒட்டி, மோதும். எல்லாரும் கிக்குக்கு இடம் விட்டு மற்றதை வெட்டுவார்கள். நீங்கள் கிக்கைக் குறுகலாக்கி, மத்தளம் விழும்போது பேஸ் அமுங்குகிற மாதிரி சைட்செயின் போடுங்கள். மத்தளம்தான் முன்னுக்கு நிற்க வேண்டும்.

தம்பிலுவில் அக்கா:
குளிர்த்தியைத் தயவுசெய்து விடுங்கள், தம்பி. கதவு திறந்து, சடங்கு எல்லாம் நடந்து, கடைசியில் கண்ணகியம்மனின் கோபம் ஆறப் பாடுகிற பாட்டு அது. எங்கள் அம்மா அது பாடி முடியும் வரை கும்பிட்ட கையை இறக்கமாட்டா. அதை பார்ட்டியில் கேட்க என்னால் முடியாது. அதற்கு அடிக்கிற உடுக்கின் ஓசைதான் வேண்டுமென்றால், அடிக்கிற ஒருவரைக் கோயிலுக்கு வெளியே தனியாக அடிக்கச் சொல்லி, காசு கொடுத்துப் பதியுங்கள். பாட்டு வேண்டுமென்றால் வசந்தன் பாட்டுகள் இருக்கின்றன, கோலடித்து ஆடுகிற பாட்டுகள்.

கடலோரம் (அக்கரைப்பற்று):
அக்கா சொன்னது சரி. எங்கள் பக்கத்துப் பொல்லடியையும் (பொல்லுகளை மோதி ஆடுகிற ஆட்டம்) பாருங்கள். பொல்லுகள் மோதுகிற சத்தத்தை ஹை-ஹற் (டிரம்மின் தாளத்தட்டு) இருக்கிற இடத்தில் வைத்தால் அருமையாக இருக்கும். மைக்கைக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், சத்தம் உடையும்.

பழைய களரி:
இதெல்லாம் கூத்தைக் கெடுக்கிற வேலை. விடியவிடிய ஆடுகிறதை நாலு நிமிடத்தில் வைத்து என்ன பிரயோசனம்?

மத்தளச்சத்தம் (களுவாஞ்சிக்குடி):
ஐயா, உங்கள் கவலை விளங்குகிறது. ஆனால் 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் விடியவிடிய ஆடுகிற கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தபோதும் வட்டக்களரி போச்சுது என்று வருத்தப்பட்டவர்கள் இருந்தார்கள். களரிக் கூத்தும் நிற்கவில்லை, ஊர்களில் இன்றும் ஆடுகிறார்கள். அவர் அண்ணாவிமாரைக் கூட வைத்துக்கொண்டுதான் அதைச் செய்தார். தம்பியும் அப்படிச் செய்தால் எனக்கு மறுப்பில்லை.

தம்பி, வெளியிட முதல் அண்ணாவியாருக்கு ஹெட்போனில் போட்டுக் காட்டுங்கள். எங்கே கிக் இடறுகிறது என்று அவர் உடனே சொல்லிவிடுவார். அவர் பெயரும் பிற்பாட்டுக்காரர் பெயரும் உங்கள் பெயருக்கு முன்னால் வர வேண்டும், காசு வந்தால் பங்கும் அவர்களுக்குப் போக வேண்டும். மார்க்கர் வைக்கிறதில் எங்காவது மாட்டுப்பட்டால் அந்தத் துண்டை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.