பொத்தானை அழுத்தினால் எல்இடி வரிசை குழம்புகிறது: ஏவிஆர் அசெம்பிளி தெரிந்தவர்கள் உதவுங்கள்

சிப் ஏடிமெகா328பி (ஏவிஆர் வகை மைக்ரோகன்ட்ரோலர்), 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அசெம்ப்ளர் ஏவிஆர்ஏ. போர்ட் டி-யில் எட்டு எல்இடி. ஃப்ளாஷில் (நிரல் இருக்கும் நினைவகம்) மூன்று அட்டவணைகள்: 12, 8, 5 வரிகள். ஒவ்வொரு வரியும் எந்தெந்த எல்இடி எரிய வேண்டும் என்று சொல்கிறது. பி0 பின்னில் உள்ள பொத்தானை அழுத்தினால் அடுத்த அட்டவணைக்குப் போக வேண்டும்.

டிலே லூப்பில் (சும்மா சுற்றி நேரம் கடத்தும் சுழற்சி) எழுதியிருந்தபோது ஒழுங்காக ஓடியது. அதில் ஒரு வரிசை முழுதாக முடிந்த பிறகே பொத்தானைப் பார்ப்பேன். போன வாரம் டைமர்1 இன்டரப்டுக்கு (டைமர் குறித்த நேரத்தில் மெயின் நிரலை நிறுத்தி ஓடவைக்கும் துண்டு) மாற்றினேன். சிடிசி முறை (ஓசிஆர்1ஏ மதிப்பை எட்டியதும் டைமர் பூஜ்யத்திலிருந்து எண்ணும்), பிரீஸ்கேலர் (கடிகார வேகத்தை வகுப்பது) 64, ஓசிஆர்1ஏ 62499, அதாவது கால் நொடிக்கு ஒரு அடி, ஒரு அடிக்கு அட்டவணையில் ஒரு வரி. அப்போதிருந்துதான் தொல்லை. நடுவில் பொத்தானை அழுத்தினால் சில அடிகளுக்கு அட்டவணையிலேயே இல்லாத ஏதோ எரிகிறது, அப்புறம் தானாகவே சரியாகிவிடுகிறது. பெரிய அட்டவணையிலிருந்து சிறியதற்குத் தாவும்போது அதிகம். 5-லிருந்து 12-க்குப் போகும்போது இதுவரை பார்க்கவில்லை. சிப் ரீசெட் ஆகவில்லை, அது உறுதி.

பார்த்தவை: இன்டரப்டுக்குள் எஸ்ரெக் (நிலைக் கொடிகள்), ஆர்30, ஆர்31 ரெஜிஸ்டர்கள் மூன்றையும் புஷ், பாப் செய்கிறேன் (ஸ்டாக்கில் சேமித்து, முடிவில் மீட்கிறேன்). ஸ்டாக் பாயின்டர் 0x08எஃப்எஃப். லேபிள் முகவரியை இரண்டால் பெருக்கித்தான் இசட்-இல் (ஆர்30, ஆர்31 சேர்ந்த முகவரி ஜோடி) ஏற்றுகிறேன். முகவரியின் இரண்டு பைட்டுகளை மாற்றும் இடத்தைச் சிஎல்ஐ (இன்டரப்டுகளைத் தடுப்பது), எஸ்இஐ (மீண்டும் அனுமதிப்பது) இடையில் வைத்தும் மாற்றமில்லை. பவர் பின்களில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் உண்டு. பொத்தானின் பவுன்ஸுக்கு (அழுத்தும்போது தொடர்பு பலமுறை துள்ளுவது) 20 மில்லிநொடி காத்திருக்கிறேன்.

மீதி எத்தனை வரி என்ற கணக்கு ஆர்17 ரெஜிஸ்டரில் இருக்கிறது, அதை இன்டரப்ட் மட்டுமே குறைக்கிறது, பூஜ்யமானதும் புதிதாக நிரப்புகிறது. இப்போது சந்தேகம் அதன் மேல்தான்.

ஓடிக்கொண்டிருக்கும் வரிசையை நடுவில் மாற்றும்போது முகவரியும் ஆர்17-உம் ஒரே நேரத்தில் மாற, அந்த வேலையை மெயின் லூப்பில் செய்வதா, இன்டரப்டுக்குள் செய்வதா?