வைரம் இருந்தும் தொழில் வளராதது ஏன்?

கேள்வி: கனிம வளம் உள்ள நாடு உருப்படாது என்பார்கள். போட்ஸ்வானா மட்டும் எப்படித் தப்பியது?

பதில்: அதன் தலைநகர் கபரோனியில் ஆறு வருஷம் மளிகைக் கடைக் கணக்கு எழுதினவன் நான். 1966இல் சுதந்திரம், மறு வருஷமே ஒராபாவில் வைரம். டெப்ஸ்வானா சுரங்க நிறுவனத்தில் அரசுக்குச் சரிபாதி. அந்தக் காசு சாலையாக, பள்ளிக்கூடமாக நிற்கிறது. ஆனால் எங்கள் கடைக்கு சோப்பு, பிஸ்கட் எல்லாம் தென்னாப்பிரிக்க லாரியில்தான் வரும். அதற்கு மேல் தப்பவில்லை.

இன்னொருவர்: வைரத்தை அங்கேயே பட்டை தீட்டலாமே?

பதில்: தீட்டுகிறார்கள். 2013இல் டி பியர்ஸ் என்ற பெரிய வைர நிறுவனம் கச்சா வைர விற்பனையையே லண்டனிலிருந்து கபரோனிக்கு மாற்றியது. ஆனால் பட்டை தீட்டும் சூரத்தின் குறைந்த கூலியோடு போட்டி போட முடியுமா? இப்போது ஆய்வகத்தில் உண்டாக்கும் வைரம் வேறு விலையைச் சரித்துவிட்டது. சம்பள நாளிலும் கடையில் கூட்டமில்லையாம், பழைய முதலாளி போனில் புலம்பினார்.