மீன்தொட்டியின் அடியில் விரிப்பதற்கு 'படுகை'

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். மீன்தொட்டியின் அடியில் விரிக்கும் மணல், கல், மண்ணை ஆங்கிலத்தில் சப்ஸ்ட்ரேட் (substrate) என்கிறார்கள். அதற்கு நல்ல தமிழ்ச்சொல் எது என்று நம் குழுவில் நடக்கும் விவாதத்துக்கு என் பங்கு இது.

சேலம் கண்ணங்குறிச்சியில் என் அடுத்த வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். முழுப் பரீட்சை முடிந்ததும் அவளுடைய மாமா இரண்டடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கித் தந்தார். மீன் விடுமுன் என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் தேடிப் படித்துவிட்டு, குறிப்பேட்டோடு என்னிடம் வந்தாள். "தாத்தா, அடி மூலக்கூறு 5 செ.மீ. உயரம் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. மூலக்கூறு கண்ணுக்கே தெரியாது என்று எங்கள் அறிவியல் டீச்சர் சொன்னாரே, அதை எப்படி 5 செ.மீ. போடுவது?"

சப்ஸ்ட்ரேட் என்ற சொல்லுக்கு இயந்திர மொழிபெயர்ப்பு தந்த 'அடி மூலக்கூறு' எத்தனை பேரை இப்படித் திகைக்க வைத்திருக்குமோ! அணுக்கள் சேர்ந்தது மூலக்கூறு. தொட்டியின் அடியில் கிடப்பது மணலும் கல்லும் மண்ணும். இந்தச் சொல்லை எந்தச் சமாதானமும் இன்றிக் கைவிட வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இங்கே ஏற்கெனவே வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன். நொதி (என்சைம்) வினைபுரியும் பொருளுக்கும் ஆங்கிலத்தில் சப்ஸ்ட்ரேட் என்றுதான் பெயர்; அந்தப் பாடத்தில் வரும் 'தளப்பொருள்' அந்த இடத்துக்குப் பொருத்தமானதுதான். ஆனால் சேலத்தில் 'தளம் போடுகிறோம்' என்றால் வீட்டுக்குக் கான்கிரீட் கூரை போடுகிறார்கள் என்று பொருள். யாழ்ப்பாண அன்பர் சொன்ன 'கீழ்ப்படை' எனக்குப் பிடித்திருக்கிறது. அடுக்கு என்ற பொருளில் 'படை' பழைய, நல்ல சொல். இங்கே பேச்சில் அந்தப் பொருள் மறைந்து, சேனை மட்டும் நிற்பதுதான் தடை. ஏற்காட்டு அன்பரின் 'அடிமண்' உழவர் நாவில் வேறு ஒன்று: மேல்மண்ணுக்குக் கீழே உள்ள சத்துக் குறைந்த மண். கடைகளில் சொல்லும் 'கிராவல்' என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் ஊர் லாரிக்காரரிடம் கிராவல் கேட்டால் பள்ளம் நிரப்பும் செம்மண்ணைத்தான் கொண்டுவந்து கொட்டுவார்.

சொல்லைத் தேடுமுன் அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது வேரைப் பிடித்து நிறுத்துகிறது. சத்தைத் தேக்கி வைத்து வேருக்குக் கொடுக்கிறது. இவற்றைவிடப் பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் அந்த மணலின் ஒவ்வொரு பருக்கையிலும் ஒட்டி வாழ்கின்றன. 2 அல்லது 3 மில்லிமீட்டர் பருக்கை என்றால் இடுக்குகளில் தண்ணீர் ஊடாடும். மாவு போன்ற மணலை ஆழமாகக் கொட்டினால் அது இறுகி, ஆக்சிஜன் புகாத இடங்களில் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு உண்டாகும். குச்சியால் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். பெரிய கூழாங்கல்லாக இருந்தாலோ தின்னாத தீனி இடுக்கில் விழுந்து அங்கேயே அழுகும்.

ஆற்றின் அடியில் நடப்பதும் இதுதான்; அந்த அடியை ஆற்றுப்படுகை என்கிறோம். எனவே என் பரிந்துரை 'படுகை'. 'படு' என்ற வினையிலிருந்து வந்தது. கிடப்பது, கிடத்துவது இரண்டும் அதில் உண்டு. தரை ஓடு பதிக்கும் கொத்தனார் 'மணல் படுக்கை' என்று சொல்வதும் இதன் உடன்பிறப்பே. தொட்டிப்படுகை, மணற்படுகை, ஈரடுக்குப் படுகை என்று கூட்டுச்சொற்களும் தடங்கலின்றி வருகின்றன. 'காவிரிப் படுகை' என்றால் பெரிய நிலப்பரப்பு அல்லவா, குழம்பாதா என்ற கேள்வி எழும். முன்னால் வரும் சொல் அதைத் தீர்த்துவிடும். 'கண்' என்ற சொல் முகத்துக்கும் உண்டு, தேங்காய்க்கும் உண்டு.

ஒரு சிக்கலை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். கடையில் மூட்டையில் இருக்கும்போது அது இன்னும் படுகை ஆகவில்லை. விரித்த பிறகுதான் படுகை. ஆகவே வாங்கும் பொருளைப் படுகைமணல், படுகைக்கல், படுகைமண் என்று பிரித்துச் சொல்லலாம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம் உள்ள தொட்டியில் 5 செ.மீ. படுகைக்கு 9 லிட்டர் படுகைமணல் வேண்டும். எடை ஏறத்தாழ 14 கிலோ. இந்த வாக்கியத்தை அந்தப் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். ஒரு சொல்லுக்கும் அவள் விளக்கம் கேட்கவில்லை.

சேலத்துக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. படுகைக்கல்லில் தண்ணீரைக் கடினமாக்கும் சுண்ணாம்பு இருக்கிறதா என்று பார்க்க எலுமிச்சைச் சாற்றைச் சொட்டி, நுரைக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். நம் ஊர் வெள்ளைக்கல், அதாவது மேக்னசைட், மக்னீசியம் கார்பனேட். அது குளிர்ந்த புளிப்புச் சாற்றில் லேசில் நுரைக்காது. நுரைக்கவில்லை என்று நம்பி, சுரங்கப் பக்கம் பொறுக்கிய வெள்ளைக் கற்களைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அதேபோல் காப்பித் தோட்டத்து மேல்மண்ணை அப்படியே போட்டால், மட்காத இலையும் உரமும் தண்ணீரில் கரைந்து பாசி பெருகும்.

செடிகளுக்கும் இந்தச் சொல் உதவுகிறது. வாலிஸ்நேரியாவும் கிரிப்டோகொரைனும் 'படுகை ஊன்றிகள்'. வாலிஸ்நேரியா ஓடுதண்டு விட்டுத் தானே பெருகும். முதல் தொட்டிக்கு அதைவிட நல்ல செடி எனக்குத் தெரியவில்லை. நம் வாய்க்கால் ஓரத்து நீர்ப்பிரமியும் ஊன்றிதான். ஜாவா பெரணியும் அனுபியாஸும் கல்லையும் கட்டையையும் பிடித்து வளர்வதால் 'பற்றிகள்'. அவற்றின் கிடைத்தண்டைப் படுகையில் புதைத்தால் அழுகிவிடும். அந்தப் பெண் புதைத்துத்தான் வைத்திருந்தாள்; தண்டு பழுப்பேறி, விரல் பட்டதும் நசுங்கியது. நல்ல துண்டு ஒன்றை நறுக்கி, கறுப்பு நூலால் ஒரு கருங்கல்லில் கட்டிக் கொடுத்தேன். வேலம்பாசிக்குப் படுகையே தேவையில்லை, மிதக்க விட்டாலும் வளரும்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. கீழே 2 செ.மீ. மண், அது கலங்காமல் இருக்க மேலே 3 செ.மீ. மணல் என்று விரிக்கும்போது, அந்த மேல் அடுக்குக்கு 'மூடாக்கு' என்று பெயரிடலாமா? பயிரடியில் வைக்கோலும் இலைதழையும் பரப்புவதற்கு உழவர்கள் வைத்திருக்கும் சொல் அது. மணலுக்கு அதை நீட்டுவது தகுமா என்று வேளாண்மை தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.