ஏப்ரல் ட்ரோலிங்: பிரவுன் ட்ரவுட்டுக்குப் போட்டதில் ஏறியது என்ன மீன்?

கரைவலை_61:
இடம் ஒன்ராறியோ ஏரி, ஏஜாக்ஸ், டஃபின்ஸ் கிறீக் வாயிலிருந்து கொஞ்சம் கிழக்கே. ஏப்ரல் மூன்றாம் கிழமை, காலை 7 மணி. மேல்நீர் 6 பாகை, ஆழம் 3–4 மீற்றர், லேசான கலங்கல். ட்ரோலிங், அதாவது ஓடுகிற போட்டின் பின்னால் தூண்டிலை இழுத்துப் போவது; வேகம் ஜிபிஎஸ்ஸில் மணிக்கு 3.5 கி.மீ. பக்கத்துக்கு ஒரு பிளேனர் போர்ட் (நூலைப் போட்டிலிருந்து பக்கவாட்டில் விலக்கி இழுக்கும் மிதவைப் பலகை), அதற்கு 25 மீற்றர் பின்னால் 11 செ.மீ. மிதக்கும் ஸ்ரிக்பெயிற் (ஒல்லியான மீன் வடிவப் பொய்யிரை).

வெள்ளி-கறுப்பு ஸ்ரிக்பெயிற்றில் 61 செ.மீ. மீன் ஒன்று ஏறியது. மூன்று தரம் முழு உடம்பும் வெளியே தெரியப் பாய்ந்தது. பளிச்சென்ற வெள்ளி. முதுகில் எக்ஸ் வடிவக் கறுப்புப் புள்ளிகள், செவுள் மூடியில் மூன்று பெரிய புள்ளி, சிவப்புப் புள்ளி ஒன்றும் இல்லை. வாய்க்குள் வெள்ளை. குதச்செட்டையில் (வயிற்றடியில் வாலுக்கு முன்னால் உள்ள செட்டை) 9 கதிர். படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டாச்சு. போட்டில் இருந்த ஒருவர் கோஹோ (பசிபிக் சல்மனில் ஓர் இனம்) என்கிறார், மற்றவர் பிரவுன் என்கிறார். எது சரி?

இன்னொன்று: அதே காலையில் இரண்டு மீன் பாதி வழியில் கழன்று போனது. 20 இறாத்தல் பின்னல் நூல், நுனியில் 1 மீற்றர் 8 இறாத்தல் புளூரோகாபன் (தண்ணீரில் எளிதில் தெரியாத நூல்). எங்கே பிழை?

நீர்மட்டம்:
கோஹோ இல்லை. பசிபிக் சல்மன் என்றால் குதச்செட்டையில் வழமையாக 13 கதிராவது இருக்கும். வாயும் காட்டிக் கொடுக்கும்: இன்னொரு பசிபிக் சல்மனான சினூக்குக்கு முரசு உட்பட எல்லாம் கறுப்பு, கோஹோவுக்கு வாய் கறுத்து முரசு மட்டும் வெளிறி இருக்கும். உங்களுடையது முழு வெள்ளை. ரெயின்போ ட்ரவுட் என்றால் வால் முழுக்க வரிசை வரிசையாகப் புள்ளி இருக்க வேண்டும்.

நான் பிரவுன் என்றுதான் சொல்வேன். ஏரியில் வளரும் பிரவுன், ஆற்றுப் பிரவுன் மாதிரி மஞ்சளாக இராது. வெள்ளியாகி, சிவப்புப் புள்ளியும் மங்கிப் போகும். நிறத்தை நம்பி ஏமாறுபவர்கள் ஏராளம்.

தங்கூசி:
நிறத்தை நம்பக் கூடாது என்பது சரி, ஆனால் அதனாலேயே பிரவுன் என்று முடிக்கவும் ஏலாது. கதிர் எண்ணிக்கை பசிபிக் இனங்களைத்தான் கழித்துவிடும். பிரவுனையும் அத்லாந்திக் சல்மனையும் அது பிரிக்காது. படத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள்.

மேல்தாடை எலும்பு: பிரவுனுக்குக் கண்ணின் பின்விளிம்பைத் தாண்டி நீளும், அத்லாந்திக்குக்கு ஏறக்குறைய அந்த விளிம்போடு நிற்கும். வாலடி: அத்லாந்திக்குக்கு ஒடுங்கி, வால் விரியும் இடத்தில் கை பிடிக்கிற மாதிரி ஒரு பிடி இருக்கும், பிரவுனுக்கு அது தடித்திருப்பதால் வழுக்கும். வால்விளிம்பு: அத்லாந்திக்குக்கு லேசான கவட்டை, பெரிய பிரவுனுக்கு நேர்வெட்டு. தாடை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், பெரிய மீனில் அது கொஞ்சம் நீளும். கொழுப்புச்செட்டை (முதுகில் வாலுக்குக் கிட்ட உள்ள சின்னச் சதைச்செட்டை) ஓரம் செம்மஞ்சளாக இருந்தால் பிரவுன் பக்கம் சாயலாம்.

கரைவலை_61:
பெரிதாக்கிப் பார்த்தேன். தாடை கண்ணோடு நிற்கிறது. வாலில் சின்னக் கவட்டை, வாலடி ஒடுக்கம். கொழுப்புச்செட்டையில் செம்மஞ்சள் இல்லை.

தங்கூசி:
அப்ப அத்லாந்திக் சல்மன். இந்த ஏரியின் சொந்த சல்மன் அதுதான், 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் முற்றாக அழிந்து போனது. 2006-இல் தொடங்கிய மீட்புத் திட்டத்தில் குஞ்சு விடப்பட்ட ஆறுகளில் டஃபின்ஸும் ஒன்று, கிறெடிற் ஆறும் கோபர்க் கிறீக்கும் மற்றவை. அதனால் அந்த வாயில் அது கடிப்பது அதிசயம் இல்லை. ஏப்ரலில் நடு ஏரி 3–4 பாகையில் கிடக்கும்போது கரையோரமும் கிறீக் வாயும் ஓரிரு பாகை கூட. சின்ன மீன் அங்கே ஒதுங்கும், பிரவுன், கோஹோ, அத்லாந்திக் எல்லாம் அதன் பின்னால் வரும். தெற்குக் காற்று மேல்நீரைக் கரைக்குத் தள்ளும். பலத்த வடக்குக் காற்று அதை வெளியே இழுத்துவிட்டு அடிக்குளிரை மேலே கொண்டு வரும், அன்றைக்கு 3 மீற்றர் ஆழத்தில் மினக்கெட வேண்டாம்.

விட்டது நல்லது. இந்த ஏரி அடங்கும் 20-ஆம் மீன்பிடி மண்டலத்தில் அத்லாந்திக் ஒன்றுதான் வைக்கலாம், அதுவும் 63 செ.மீ.க்கு மேல். கொன்சவேஷன் லைசென்ஸ் (குறைவான மீனே வைக்க விடும் அனுமதி) என்றால் ஒன்றும் வைக்க ஏலாது. அந்த வருடச் சட்டச் சுருக்கத்தைப் போனில் வைத்திருங்கள். சந்தேகம் வந்தால் அத்லாந்திக் என்றே எடுத்துக்கொண்டு தண்ணீரில் விட்டுவிடுங்கள்.

மூன்றுமுள்:
கழன்ற மீன்களுக்கு வருவோம். பின்னல் நூலுக்கு இழுபடும் தன்மை இல்லை. ஓடுகிற போட், பக்கத்தில் இழுக்கும் போர்ட், நடுவில் தலையை உதறும் மீன்: முள் குத்திய ஓட்டை அகன்று கழரும். அதோடு வழுவழுப்பான பின்னல் நூல் போர்ட் கிளிப்பில் நழுவும். நழுவாமல் இருக்கக் கிளிப்பை இறுக்கினால் வேறு கரைச்சல்: மீனைக் கிட்டக் கொண்டு வந்தபின் போர்ட்டைக் கழற்ற ஏலாமல் நூல் தளரும், அந்த நொடியில் மீன் போய்விடும்.

சுருளில் 10–12 இறாத்தல் நைலோன் போடுங்கள். புளூரோகாபன் 1 மீற்றர் போதாது, 8–10 இறாத்தலில் 2 மீற்றராவது வேண்டும், தெளிந்த தண்ணீரில் இன்னும் நீளம். டிராக்கை (மீன் இழுத்தால் சுருள் நூலை விடுகிற இறுக்கம்) நூல் பலத்தின் கால்வாசிக்கு, அதாவது 1 கிலோவுக்குக் கிட்ட, தராசில் இழுத்துப் பார்த்து வையுங்கள். கையால் இழுத்து ‘சரி’ என்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மடங்கு இறுக்கி வைத்திருப்பார்கள்.

ஸ்ரிக்பெயிற்றைப் போட் ஓரத்தில் இழுத்துப் பார்த்துவிட்டே விடுங்கள். வலப்பக்கம் சாய்ந்து ஓடினால் மூக்கு வளையத்தை மயிரிழை இடப்பக்கம் வளைக்க வேண்டும். வளையத்துக்கு வட்டமான ஸ்னாப் (திறந்து மூடும் கொளுவி) போடுங்கள், நேரே முடிச்சுப் போட்டால் ஆட்டம் குறையும். நேர்கோட்டில் போகாமல் எஸ் மாதிரி வளையுங்கள். வெளிப்பக்கத் தூண்டில் வேகமாகும், உள்ளே உள்ளது மெதுவாகும். வெளியே உள்ளதில் மட்டும் கடி என்றால் மணிக்கு 0.3 கி.மீ. கூட்டுங்கள்.

விடுகிற மீனுக்கு றப்பர் வலைதான். அத்லாந்திக்கின் செதில் சட்டென்று உதிரும், முடிச்சு வலை அதை உரித்தெடுக்கும். தூண்டில் முள்ளின் நுனியில் உள்ள எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கி வையுங்கள். மீனை வலையோடு தண்ணீரில் வைத்தே கழற்றுங்கள், செவுளில் கைவிட்டுத் தூக்க வேண்டாம்.

நீர்மட்டம்:
அத்லாந்திக்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பாய்ச்சலை நான் கவனித்திருக்க வேண்டும். பிரவுன் பெரும்பாலும் அடியில் உருண்டு இழுக்கும், மூன்று தரம் வெளியே பாய்வது அரிது.

6 பாகைத் தண்ணீரில் விழுந்தால் பத்து நிமிடத்துக்குள் கைவிரல் வேலை செய்யாமல் போகும். லைஃப் ஜாக்கெற் இருக்கைக்குக் கீழே கிடந்து பிரயோசனம் இல்லை, போட்டுக்கொண்டே தூண்டில் விடுங்கள்.