குடும்பக் குழு: தாத்தாவின் காரும் பி2004 குறியும்

நவீன்: அனைவருக்கும் வணக்கம். தாத்தாவின் காரில் செக் இன்ஜின் விளக்கு நேற்றிலிருந்து அணையவில்லை. நிற்கும்போது இன்ஜின் நடுங்குகிறது, கிளம்பும்போது இழுவை இல்லை. ஸ்கேனரில் பி2004 என்ற பழுதுக் குறி வருகிறது. மெக்கானிக் இன்டேக் மேனிஃபோல்டையே, அதாவது இன்ஜினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதியையே, மாற்றச் சொல்கிறார். சனிக்கிழமை பாட்டியைக் கண் அறுவைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

முருகேசன்: செந்திலிடம் இருந்த காலத்தில் ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் இது வந்திருக்காது.

செந்தில்: அண்ணா, ரசீதுகள் எல்லாம் காருக்குள்ளேயே இருக்கின்றன.

வசந்தி: அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். நவீன், எதையும் இப்போது வாங்காதே. ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்றுச் செல்லும் ரன்னர் குழாய்க்குள் இருக்கும் மடல்கள், இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது மூடிக்கொண்டு வழியைக் குறுக்கி, காற்றை விரைவாகவும் சுழலாகவும் உள்ளே அனுப்பும். சுற்று கூடியதும் திறந்து முழுக் காற்றையும் விடும். மூடச் சொல்லியும் முதல் வரிசை மடல்கள் திறந்தே நிற்கின்றன என்பதுதான் பி2004. ஏன் நிற்கின்றன என்பதை அந்தக் குறி சொல்லாது. அதை நாம்தான் தேட வேண்டும்.

கீர்த்தனா: அறுவை ஞாயிறு என்றல்லவா பாட்டி சொன்னார்கள்?

நவீன்: சனி காலைதான், கீர்த்தனா. அத்தை, எங்கிருந்து தொடங்கட்டும்?

வசந்தி: நம் காரில் மடல்களை இழுப்பது வேக்குவம், அதாவது வெற்றிடத்தின் உறிஞ்சு விசை. இன்ஜின் ஆறியபின், அந்த விசையால் தண்டை இழுத்து மடல்களை நகர்த்தும் ஆக்சுவேட்டருக்குச் செல்லும் சிறிய ரப்பர் குழாயை முனை முதல் முனை வரை வளைத்துப் பார். பிறகு கை வேக்குவம் பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி இழு. தண்டு நகர்ந்து அப்படியே நின்றால் உள்ளே இருக்கும் டயஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு நன்றாக இருக்கிறது என்று பொருள். பம்ப் காட்டும் அளவு இறங்கிக்கொண்டே வந்தால் அது கிழிந்திருக்கிறது. ஆக்சுவேட்டரில் குறையில்லை என்றால் வேக்குவத்தைத் திறந்து மூடும் மின் வால்வான சொலினாய்டையும் அதன் வயரையும் பார்க்க வேண்டும். தண்டு நகர்ந்தும் மடலின் அச்சு திரும்பாவிட்டால் இணைப்பிலுள்ள பிளாஸ்டிக் புஷ் (சிறு வளையம்) உடைந்திருக்கும். அச்சு சரியாகத் திரும்பியும் குறி வந்தால் மட்டும் நிலை காட்டும் சென்சாரைச் சந்தேகி.

முருகேசன்: இவ்வளவையும் இவனால் செய்ய முடியுமா?

செந்தில்: முடியும் அண்ணா. பம்ப் என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன்.

நவீன்: அத்தை, பார்த்துவிட்டோம். டயஃப்ரம் நன்றாக இருக்கிறது. ரப்பர் குழாயின் ஒரு முனை வெடித்திருக்கிறது. அச்சைக் கையால் திருப்பினால் பாதியில் இறுகிவிடுகிறது.

வசந்தி: அப்படியானால் குறை இரண்டு. குழாயை மட்டும் மாற்றினால் சில நாட்களில் விளக்கு மீண்டும் எரியும். அச்சு இறுகுவது உள்ளே படிந்த கரியால்தான் இருக்கும், மேனிஃபோல்டைக் கழற்றி அதை எடுத்தாக வேண்டும். எரிபொருள் நேரே சிலிண்டருக்குள் தெளிக்கப்படும் இன்ஜின் இது என்பதால் மடல்களைப் பெட்ரோல் கழுவுவதே இல்லை. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி மட்டும் படிந்து இறுகுகிறது. ஆயிலை நேரத்துக்கு மாற்றினாலும் இந்தக் கரி சேரும், அண்ணா.

முருகேசன்: நேரம் தவறினால் கூடுதலாகச் சேருமல்லவா?

வசந்தி: சேரும். ஆனால் இந்த வண்டியில் நடந்தது அதுதான் என்று கரியைப் பார்த்துச் சொல்ல முடியாது. நவீன், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பை எடுத்துவிடு. கழற்றியவுடன் மேனிஃபோல்ட் பொருந்தும் சிலிண்டர் ஹெட்டின் துளைகளைத் தூய துணியால் அடைத்து, மறுபடி மாட்டும்முன் எல்லாத் துணிகளையும் எடுத்துவிட்டாயா என்று பார். பிளாஸ்டிக்கை இரும்பால் சுரண்டாதே. இடையில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் புதியதாக இருக்கட்டும். போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள வரிசையிலும் டார்க் (முறுக்கு விசை) அளவிலும் இறுக்கு. ஏதாவது ஒரு மடல் அச்சில் ஆடினால் மட்டும் மெக்கானிக் சொன்னதைக் கேட்டு மேனிஃபோல்டையே மாற்றிவிடு, ஏனெனில் உடைந்த துண்டு சிலிண்டருக்குள் போனால் இன்ஜினே கெடும்.

நவீன்: நாளை கழற்றுகிறேன். மடல்களைப் படமெடுத்து அனுப்புகிறேன்.

முருகேசன்: சனிக்கிழமைக்குச் செந்திலின் கார் என்று வைத்துக்கொள்ளலாமா?

செந்தில்: அன்று காலை எனக்கு ஒரு வேலை இருக்கிறது. மாற்ற முடியுமா என்று கேட்டுவிட்டு நாளை இரவு சொல்கிறேன்.

கீர்த்தனா: வாடகைக் கார் ஒன்றையும் விசாரித்து வைக்கட்டுமா?

வசந்தி: முதலில் படம் வரட்டும்.