பாலக்காடு மாவட்டம் கொல்லங்கோடு, முதலமடை பக்கம் வயலும் மலையும் பார்க்க: எங்கே நிற்பது, எத்தனை மணிக்கு?

பல்லடத்துக்காரன் கேட்டது:

வணக்கம். டிசம்பர் கடைசி வாரம், அரையாண்டு விடுமுறையில் இரண்டு நாள் வர நினைக்கிறோம். ஆறு பேர், சொந்தக் கார், பொள்ளாச்சி வழி. அப்பாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. வண்டியை விட்டு இறங்கினால் நூறு அடிக்கு மேல் நடக்க மாட்டார். குழந்தைகள் இரண்டு.

பார்க்க ஆசைப்படுவது இவ்வளவுதான்: நெல் வயல், வரப்பில் பனை, பின்னால் மலை. எல்லா வீடியோவிலும் ஒரே டீக்கடையும் ஒரே குடிலும்தான் வருகின்றன. அந்தக் கூட்டத்தில் போய் நிற்க வேண்டாம் என்று பார்க்கிறோம். நல்ல இடத்தை நாமே கண்டுபிடிப்பது எப்படி? டிசம்பரில் வயல் பச்சையாக இருக்குமா, இல்லை ஆவணிக்குத் தள்ளிப்போடலாமா? நெல்லியாம்பதி மலையையும் அதே நாளில் சேர்க்க முடியுமா?

---

தென்மலை அடிவாரம் எழுதியது:

வாங்க. டிசம்பர் நல்ல மாதம்தான். ஆனால் இடத்தை விட நாளும் நேரமும் இங்கே முக்கியம். ஒரே வரப்பில் மூன்று வாரம் தள்ளி நின்றால் ஊரே வேறாகத் தெரியும்.

பாலக்காட்டில் இரண்டு போகம். முதல் போகம் சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆவணி, புரட்டாசியில் அறுப்பு. இரண்டாம் போகம் புரட்டாசி, ஐப்பசியில் நட்டு, தை, மாசியில் அறுப்பு. இங்கே அதிகம் போடுவது உமா, ஜோதி ரகங்கள். நட்ட முதல் பதினைந்து இருபது நாள் வயல் கண்ணாடி மாதிரி இருக்கும், நாற்றுகளுக்கு நடுவே தண்ணீரில் மலை தலைகீழாகத் தெரியும். அதற்குப் பிறகு தூர் கட்டி இலை மூடிக்கொண்டால் தண்ணீர் கண்ணில் படாது, முழுப் பச்சை. அறுப்புக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பு தண்ணீரை வடித்துவிடுவார்கள். பொன்னிறம் அப்போதுதான். அது நெடுநாள் நிற்காது. ஒரு பாடசேகரத்து (சேர்ந்து சாகுபடி செய்யும் வயல் தொகுதி) வயல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக நட்டவை, மெஷின் இறங்கினால் சில நாளில் மொத்தமும் தாளாகக் கிடக்கும்.

டிசம்பர் கடைசியில் பெரும்பாலும் கதிர் வந்து பால் பிடிக்கும் பருவம். பச்சையில் லேசாக மஞ்சள் ஏறியிருக்கும். சுள்ளியாறு, மீன்கரை, போத்துண்டி அணைகளில் வாய்க்கால் திறக்கும் தேதியைப் பொறுத்து நடவு முன்பின் ஆகும். ஆகவே கிளம்பும் முன் தங்கும் வீட்டுக்காரரிடம் "நட்டு எத்தனை நாள் ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். "பச்சையா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள்.

அடுத்தது வெயில். நெல்லியாம்பதி மலைச்சுவர் கொல்லங்கோட்டுக்குத் தெற்கே, வடக்குப் பார்த்து நிற்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே போகும். அந்த மாதங்களில் பாறை முழுக்க வெளிச்சம் விழும், மேகம்தான் மறைக்கும். டிசம்பரில் சூரியன் தெற்கே சாய்ந்து மலைக்குப் பின்னால் நிற்பதால் பத்து மணிக்கு மேல் மலை சாம்பல் நிறப் போர்வை மாதிரி மங்கிவிடும். "படத்தில் பார்த்த மலை எங்கே?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பதினொரு மணிக்கு வந்தவர்கள். சூரியன் 6.35 போல எழும். அப்போதிருந்து 9 மணி வரை சாய்வெயில் பாறை மடிப்புகளில் பக்கவாட்டில் விழும், ஒவ்வொரு ஓடையும் தனித்தனியாகத் தெரியும். சாயங்காலம் 5.15-க்கு மேல் மேற்கே பாருங்கள், பனைகள் கறுத்து நிற்கும். நடுப்பகலைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் விட்டுவிடுங்கள்.

இடம் கண்டுபிடிக்க: மேப்பில் சாட்டிலைட் பார்வை போட்டு, கொல்லங்கோட்டுக்கும் நென்மாறைக்கும் நடுவே சாலைக்குத் தெற்கே வீடு, தோப்பு இல்லாத பெரிய வயல் பரப்பைத் தேடுங்கள். அதை ஒட்டிக் கிழக்கு மேற்காக ஓடும் சின்ன தார்ச் சாலை இருந்தால் அதுதான் இடம். மலையில் இருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கட்டும். ரொம்பக் கிட்டே போனால் தென்னையும் ரப்பரும் மறைக்கும், எட்டு பத்து கிலோமீட்டர் தள்ளிவிட்டால் புகைமூட்டம் தின்றுவிடும். அப்பா காரிலேயே உட்கார்ந்து பார்க்கலாம். கோவிந்தாபுரத்தில் இருந்து மேற்கே வரும்போது மலை இடது கைப்பக்கம் வரும், அவரை இடது பக்கச் சன்னலில் உட்கார வையுங்கள்.

போனில் எடுக்கும்போது வைடு லென்ஸ் வேண்டாம், மலை குட்டியாகிவிடும். பனை முழுதாகப் படத்தில் அடங்கும் அளவுக்கு நன்றாகப் பின்னால் வந்து மூன்று மடங்கு ஜூம் போடுங்கள். பனைக்குப் பின்னால் மலை எழுந்து நிற்கும்.

---

கிழக்கு சித்தூர் எழுதியது:

மேலே உள்ளவர் சொன்னது சரி, ஒரு திருத்தம் மட்டும். மேப்பில் சின்னச் சாலையாகத் தெரிவதெல்லாம் சாலை இல்லை. பல இடங்களில் அது வாய்க்கால் கரை. ஆறு பேர் ஏறிய கார் ஈரக் கரையில் போனால் ஓரம் இறங்கும், எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடம் கிடையாது, பின்னாலேயே அரை கிலோமீட்டர் வர வேண்டும். தார் போட்டிருந்தால் மட்டும் போங்கள். மண் பாதை என்றால் வாயிலேயே நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் வரும் வழியில் கம்பராத்துசல்லை தாண்டி முதலமடை மாந்தோப்புகள். நாட்டிலேயே முதலில் சந்தைக்கு வரும் மாம்பழங்களில் இந்த ஊர்ப் பழமும் ஒன்று. டிசம்பர் கடைசியில் பூவும் பிஞ்சுமாக இருக்கும், காலையில் சன்னலை இறக்கினாலே பூவாசம் வரும். ஆனால் மருந்து அடிக்கும் பருவமும் அதுவே. தோப்புக்குள் மோட்டார் சத்தமோ நெடியோ வந்தால் சன்னலை ஏற்றிக்கொண்டு கடந்துவிடுங்கள். குழந்தைகள் கீழே கிடக்கும் பிஞ்சைப் பொறுக்கி வாயில் வைக்க விடாதீர்கள்.

முதலமடை ரயில் நிலையம் உங்கள் அப்பாவுக்கு ஏற்ற இடம். வண்டியை விட்டு இறங்கினால் நடைமேடை, அதன்மேல் பெரிய ஆலமரங்கள், உட்காரத் திண்டு. பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள், தண்டவாளத்தில் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். அடர்ந்த நிழல் இருப்பதால் பத்து மணிக்கு மேல் அங்கே போவது நல்லது, வயலுக்கான காலை நேரத்தை இதில் செலவழிக்க வேண்டாம்.

சுள்ளியாறு அணைக்கரையில் காலையில் காற்று எழும் முன் தண்ணீரில் மலை விழும். டிசம்பரில் வயலில் கிடைக்காத கண்ணாடி இங்கே கிடைக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கிழக்குக் காற்று மார்கழியில் பலமாக அடிக்கும், எட்டு மணிக்கு மேல் அலை வந்துவிட்டால் ஒன்றும் தெரியாது.

கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதிப் பக்கத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். மழை குறைந்த பூமி, தமிழ் பேசும் ஊர்கள், தென்னையில் கள் இறக்கும் ஊர்கள். கேரளம் முழுக்கப் போகும் கள்ளில் பெரும்பங்கு பாலக்காட்டுச் சித்தூர்த் தோப்புகளில் இருந்துதான். காலையும் மாலையும் பாளை சீவ மரம் ஏறுவார்கள். விடியலில் தோப்பு ஓரம் நின்றால் பாளையைத் தட்டும் சத்தம் மரத்துக்கு மரம் கேட்கும். படம் எடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள், ஏறும்போது கூப்பிட்டுப் பேசாதீர்கள்.

---

நாத்தங்கால் எழுதியது:

வயல் வைத்திருப்பவர்கள் சார்பில் ஒன்று சொல்ல வேண்டும், தயவுசெய்து படியுங்கள்.

வரப்பு நடைபாதை அல்ல. நடவின்போது அண்டை வெட்டிச் சேறு பூசி வைத்திருப்பது தண்ணீர் நிற்பதற்காக. ஷூ குதிகால் பதிந்த குழி ஒரு சாண் நீளம்தான் இருக்கும். அதன் ஓரத்தில் முதலில் நூல் மாதிரி ஈரம் கசியும். பக்கத்தில் நண்டு வளை இருந்தால் ராத்திரிக்குள் கை நுழையும் அளவுக்கு அறுத்துக்கொண்டு தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்கிவிடும். அன்றைக்கு யூரியா போட்டிருந்தால் அதுவும் கூடவே போச்சு. மேல் வயல் காயும், கீழ் வயல் மூழ்கும், பழி அக்கம்பக்கத்துக்காரர் மேல் விழும்.

நீங்கள் வரும் டிசம்பரில் பயிர் இன்னும் நோகும். பால் பிடிக்கும்போது தாள் மடங்கினால் கதிர் பதராகும். சாய்ந்த பயிரை அறுப்பு மெஷின் சரியாக வாராது. "ஒரே ஒரு போட்டோ" என்று குழந்தையை வயலுக்குள் நிறுத்துகிறார்கள், அடுத்த வண்டிக்காரர் அதே சந்தில் இறங்குகிறார், ஞாயிறு முடிவதற்குள் ஒரு பாய் அகலம் படுத்துவிடுகிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு அகலமான, புல் பிடித்த வரப்பில் மட்டும், ஒருவர் பின் ஒருவராக நடங்கள். வயலில் ஆள் இருந்தால் கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், எல்லோருக்கும் புரியும். முதுகில் மருந்து டேங்க் மாட்டியவரைப் பார்த்தால் அந்தப் பக்கமே வேண்டாம். மசங்கிய பிறகு வரப்பில் பாம்பு நடமாட்டம் உண்டு. வயலில் தண்ணீர் போகும் வழியை அடைக்கும் மடைப்பலகையைக் குழந்தைகள் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடி பாட்டில் வயலில் உடைந்தால் அது களை எடுப்பவர் காலில்தான் ஏறும்.

---

பல்லடத்துக்காரன்:

ரொம்ப நன்றி. மடைப்பலகை, ஷூ விஷயம் குழந்தைகளுக்குச் சொல்லிவிட்டேன். நெல்லியாம்பதியும் சீதார்குண்டும் பற்றி யாராவது சொல்லுங்கள்.

---

போத்துண்டி வளைவு எழுதியது:

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சீதார்குண்டு என்ற பெயரில் இரண்டு இடம். ஒன்று கொல்லங்கோட்டுக்குத் தெற்கே மலையடியில் உள்ள அருவி. இன்னொன்று நெல்லியாம்பதி உச்சியில், எஸ்டேட்டுக்குள் உள்ள காட்சிமுனை. நேர்க்கோட்டில் பக்கம், சாலையில் நென்மாறை, போத்துண்டி சுற்றி மலையேற வேண்டும். மேப்பில் பெயரை மட்டும் தட்டி அரை நாளைத் தொலைப்பவர்கள் நிறைய.

அப்பாவுக்கு அருவி வேண்டாம். பாறையும் மேடுமாக நடை. டிசம்பர் கடைசியில் தண்ணீரும் மெலிந்திருக்கும். மழைக்காலத்தில் வருபவர்கள் கவனிக்க: கீழே வெயில் அடிக்கும்போதே மேலே கொட்டும் மழை ஓடையில் இறங்கிவிடும். தண்ணீர் கலங்கினாலோ இலைச் சருகு மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும். வனத்துறை அடைத்திருந்தால் வேறு வழி தேடாதீர்கள். அந்தப் பருவத்தில் அருவிகளைச் சாலையில் இருந்து பார்ப்பதே அழகு. நல்ல மழை பெய்த மறுநாள் காலை மலைச்சுவர் நெடுக வெள்ளிக் கம்பிகளாகத் தொங்கும், மழை விட்டால் சில நாளில் காணாமல் போகும்.

நெல்லியாம்பதியை வயல் பார்க்கும் நாளில் சேர்க்காதீர்கள், இரண்டும் காலையில் பார்க்க வேண்டியவை. இரண்டாம் நாள் தனியாக வையுங்கள். போத்துண்டி வனச் சோதனைச் சாவடியில் பதிவு செய்துதான் விடுவார்கள், பிற்பகலில் மேலே விடுவதை நிறுத்திவிடுவார்கள். பத்து மணிக்குள் சாவடி தாண்டுவது நல்லது. பிளாஸ்டிக் பையும் மதுவும் வண்டியில் இருக்கக்கூடாது. பத்துக் கொண்டை ஊசி வளைவுகள், சாலை குறுகல், ஏறும் வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது இரண்டாம் கியரை விட்டு மாற்றாதீர்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பாதி மலையில் சக்கரம் சூடாகிப் புகை நாறும். குழந்தைகளுக்கு வாந்தி வரும் என்றால் ஏறுவதற்கு முன் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நென்மாறையில் பரோட்டா வேண்டாம். பெரியவர்களுக்குக் கழிப்பறை வசதி வழியில் கிடையாது, நென்மாறையிலேயே முடித்துவிட்டு ஏறுங்கள்.

உச்சிக் காட்சிமுனைக்கு வண்டி நிறுத்தும் இடத்தில் இருந்து கொஞ்சம் நடக்க வேண்டும். அப்பா அவ்வளவு தூரம் வர முடியாது என்றால், போத்துண்டி அணைக்கரைப் பக்கமே ஒருவர் அவரோடு இருந்துவிடலாம். அங்கிருந்தும் மலை முழுதாகத் தெரியும்.

ஆவணி, அதாவது ஆகஸ்ட் பக்கம் வருவது பற்றிக் கேட்டீர்கள். பச்சைக்கும் அருவிக்கும் அது தூக்கலான மாதம், ஆனால் 2018 ஆகஸ்டில் மண் சரிந்து இந்த மலைச்சாலை துண்டித்தே போனது. பெருமழை எச்சரிக்கை இருக்கும் நாளில் மலைத் திட்டத்தை விட்டுவிட்டு வயல்பக்கமே இருங்கள்.

---

பல்லடத்துக்காரன்:

டிசம்பரே முடிவு. முதல் நாள் சுள்ளியாறு, வயல், அப்புறம் முதலமடை ஸ்டேஷன். கடைசியாக ஒன்று: பொள்ளாச்சியில் இருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

---

தென்மலை அடிவாரம்:

விடியலில் சுள்ளியாறு வேண்டும் என்றால் ஐந்தே கால் மணிக்கு. ஆனால் ஆனைமலைப் பக்கம் மார்கழிப் பனி இறங்கியிருக்கும், தேங்காய் லாரிகளும் வரும், வேகம் வேண்டாம். முதல் நாள் இரவே கொல்லங்கோட்டிலோ நென்மாறையிலோ தங்கிவிடுங்கள், பெரியவருக்கும் தூக்கம் கெடாது. ஒரு ஃபிளாஸ்க் டீ கையோடு இருக்கட்டும், அந்த நேரத்தில் கரையில் கடை திறந்திருக்காது.